திருத்தத்திற்கு ஒரு கதவு வேண்டுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிப்பொறி அறிவியல்)

பேரேட்டில் மைதொட்டு எழுதிய காலம் மறைந்து, திரையில் தட்டச்சு செய்யும் காலம் வந்துவிட்டது. குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, கல்லூரிச் சேர்க்கை, மருத்துவமனைச் சீட்டு என எதுவாயினும், நம்மைப் பற்றிய செய்திகள் ஏதேனும் ஒரு கணிப்பொறிப் படிவத்தின் கட்டங்களில்தான் இன்று குடியிருக்கின்றன. அக்கட்டங்களை நிரப்புவது பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நிரப்பியவை பின்னர் எவ்வாறு மாறுகின்றன என்பது பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஏற்கெனவே சேமித்து வைத்த ஒரு பதிவைத் திறந்தவுடனே அதில் எழுத இயல வேண்டுமா? அல்லது ‘திருத்து’ என்னும் பொத்தானை அழுத்திய பிறகே எழுத இயல வேண்டுமா? கேட்பதற்கு இது சிறிய கேள்வியாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இதன் பெருமையை எனக்கு உணர்த்தியது வகுப்பறை அன்று. ஒரு விடுமுறைக் கால வேலை.

ஓர் எண்ணின் கதை

முதலாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில், எங்கள் ஊரிலுள்ள தனியார் கணிப்பொறி மையம் ஒன்றில் வேலை பார்த்தேன். வருவோருக்கு விண்ணப்பங்களை நிரப்பித் தருவதே அங்கு முக்கியத் தொழில். வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு எண் முதலியவற்றை ஒரு சிறு நிரலில் சேமித்து வைத்திருந்தார்கள். முன்பு அங்கு வேலை பார்த்த ஒருவர் எழுதிய நிரல் அது. அடுத்த முறை வரும்போது அவர்களிடம் எல்லாவற்றையும் மீண்டும் கேட்க வேண்டியதில்லை என்பது வசதி.

ஒருநாள் கட்டட வேலை செய்யும் ஒருவர் வந்தார். மகளின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மகளின் கணக்கு எண் முன்பே எங்கள் பதிவில் இருந்தது. ஆயினும் அவர் வங்கிப் புத்தகத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தார்.

“தம்பி, அந்த நம்பரை ஒருவாட்டி படிச்சுக் காட்டுங்க. தப்பாயிடக் கூடாது பாருங்க” என்றார்.

நான் பதிவைத் திறந்து, எண் இருந்த கட்டத்தில் சொடுக்கி, இலக்கம் இலக்கமாகப் படித்தேன். அவர் புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டே வந்து, “சரியா இருக்கு தம்பி” என்றார். பிறகு கீழேயிருந்த கைபேசி எண்ணைப் பார்ப்பதற்காகச் சுட்டெலியின் சக்கரத்தை உருட்டினேன். பக்கம் நகரவில்லை. சுட்டியைச் சற்றே ஓரமாக நகர்த்தி மறுபடி உருட்டினேன், நகர்ந்தது. கைபேசி எண்ணையும் சரிபார்த்துவிட்டுப் பதிவை மூடினேன். பின்னர் அப்பதிவிலிருந்தே எண்ணை எடுத்து விண்ணப்பத்தை அனுப்பினேன்.

இரண்டு மாதங்களாகியும் பணம் வரவில்லை. அவர் மூன்று முறை வந்து கேட்டார். ஒவ்வொரு முறை வருவதும் அவருக்கு அரை நாள் கூலி இழப்பு. மூன்றாம் முறைதான் வங்கிப் புத்தகத்தையும் திரையையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். புத்தகத்தில் கடைசி இரண்டு இலக்கங்கள் 47. எங்கள் பதிவில் 44.

“அன்னிக்கு நீங்கதானே தம்பி படிச்சீங்க? சரியாத்தானே இருந்துச்சு?” என்று அவர் கேட்டார். என்னிடம் விடை இல்லை.

விடை பிறகு கிடைத்தது. அந்தக் கட்டம் ‘எண்’ வகைக் கட்டமாக அமைக்கப்பட்டிருந்தது. சில உலாவிகளில் அத்தகைய கட்டத்தில் சொடுக்கிவிட்டுச் சுட்டியை அதன்மேல் வைத்தபடி சக்கரத்தைக் கீழ்நோக்கி உருட்டினால், பக்கம் நகர்வதற்குப் பதிலாக ஒவ்வோர் உருட்டலுக்கும் எண் ஒன்று குறையும். நான் மூன்று முறை உருட்டியிருக்கிறேன். பதிவை மூடும்போது நிரல் எதுவும் கேட்காமல் மாற்றத்தைச் சேமித்துக்கொண்டது. தவறு நேரக் கூடாது என்பதற்காகத் திறந்து பார்த்தோமே, அந்தப் பார்வையே தவற்றை உண்டாக்கிவிட்டது.

திருத்த விண்ணப்பம் எழுதி அனுப்பினோம். மேலும் ஒரு மாதம் கழித்துப் பணம் வந்தது. அதற்குள் மகளின் புத்தகச் செலவுக்கு அவர் கடன் வாங்கியிருந்தார். “கவனமா இருக்கணும்ப்பா” என்றார் மைய உரிமையாளர். அவர் சொன்னது நியாயமே. ஆனால் கவனம் என்பது பயன்படுத்துவோனின் கையில் மட்டும் இருந்தால் போதுமா, கருவியிலும் இருக்க வேண்டாமா என்ற ஐயம் அன்று முதல் என்னுள் எழுந்தது. அதன் விளைவே இக்கட்டுரை.

திருத்துநிலை என்றால் என்ன?

ஒரே விசையை அழுத்தும்போது, கருவி அப்போதிருக்கும் நிலையைப் பொறுத்து வெவ்வேறு விளைவு உண்டானால், அக்கருவி ‘நிலைகள்’ உடையது என்கிறோம். படிவத்தைப் பார்க்க மட்டும் முடிகின்ற நிலையைப் பார்வைநிலை என்றும், மாற்ற முடிகின்ற நிலையைத் திருத்துநிலை என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

நாம் அறிந்த மென்பொருள்களிலேயே இரு வழக்கங்களும் உள்ளன. மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில், பொதுவாகப் படிவத்தைத் திறந்தவுடனே எழுதலாம். ஓர் எழுத்தைத் தட்டியதும் பதிவின் ஓரத்தில் ஒரு பென்சில் படம் தோன்றும். அடுத்த பதிவுக்கு நகர்ந்தால் மாற்றம் தானாகவே சேமிக்கப்பட்டுவிடும். படிவத்தை அமைப்பவர் விரும்பினால் திருத்த அனுமதியை நீக்கிவிட்டு, ஒரு பொத்தானை அழுத்தினால் மட்டுமே அவ்வனுமதி கிடைக்குமாறும் செய்யலாம்.

எக்செல் விரிதாளைப் பயன்படுத்தாத துறை நம் கல்லூரியில் இல்லை எனலாம். அதன் திரையில் இடப்பக்கக் கீழ்மூலையில் ‘ரெடி’, ‘என்டர்’, ‘எடிட்’ என்று சொற்கள் மாறி மாறித் தோன்றுவதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? அவை மூன்றும் மூன்று நிலைகள். ஒரு மாணவரின் அகமதிப்பீட்டு மதிப்பெண் 17 என்று இருக்கிறது. அதை 18 ஆக்க வேண்டும். கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றுவதாக எண்ணிக் கட்டத்தைத் தேர்ந்து 8 என்று தட்டினால், பழைய 17 முழுவதும் மறைந்து 8 மட்டுமே நிற்கும். ஏனெனில் அது ‘என்டர்’ நிலை. எஃப்2 விசையை அழுத்தி ‘எடிட்’ நிலைக்குச் சென்றிருந்தால்தான் உள்ளிருக்கும் ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றலாம். அம்புக்குறி விசையும் அப்படியே. ‘என்டர்’ நிலையில் அது நம்மை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு செல்லும். ‘எடிட்’ நிலையில் எழுத்துகளுக்கிடையே நகர்த்தும். தட்டியது தவறு என்று உடனே உணர்ந்தால், எஸ்கேப் விசை பழைய மதிப்பை மீட்டுத் தரும்.

நிலைகள் வேண்டா என்போர்

கணிப்பொறி அறிஞர்களில் நிலைகளைக் கடுமையாக எதிர்த்தவர்களும் உண்டு. அவர்களுள் தலையாயவர் அமெரிக்கரான லாரி டெஸ்லர். 1945இல் பிறந்து 2020இல் மறைந்த இவர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றியபோது, டிம் மாட் என்பவருடன் சேர்ந்து ‘ஜிப்ஸி’ என்னும் உரைத்திருத்தியை உருவாக்கினார். இன்று நாம் அன்றாடம் செய்யும் ‘வெட்டு, நகலெடு, ஒட்டு’ என்னும் முறைக்கு வடிவம் தந்தவர் இவரே. ‘நிலைகள் வேண்டா’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைத் தம் மகிழுந்தின் பதிவுப் பலகையிலேயே பொறித்து வைத்திருந்தார் என்றால், அவரது கொள்கைப்பற்றை உணரலாம்.

அவ்வெதிர்ப்புக்குக் காரணம் இருந்தது. அதே ஆய்வு மையத்தில் 1974இல் உருவான ‘பிராவோ’ என்னும் உரைத்திருத்தியில் கட்டளைநிலை, எழுதுநிலை என இரண்டு இருந்தன. எழுதுநிலையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு ஒருவர் கட்டளைநிலையில் ‘எடிட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் என்ன ஆகும்? முதல் எழுத்தாகிய ‘இ’, எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்னும் கட்டளை. அடுத்து வரும் ‘டி’, தேர்ந்ததை அழி என்னும் கட்டளை. மூன்றாவதான ‘ஐ’, எழுதத் தொடங்கு என்னும் கட்டளை. கடைசியான ‘டி’ எழுத்தாகவே திரையில் பதியும். ஆக, ஆவணம் முழுவதும் அழிந்து, ஓர் எழுத்து மட்டும் எஞ்சும்! திருத்துவதற்குரிய சொல்லே ஆவணத்தை அழிக்கும் சொல்லாகிவிட்டது.

அமெரிக்க உளவியலாளர் டொனால்டு நார்மன், 1981இல் மனிதரின் கைத்தவறுகளை வகைப்படுத்தி எழுதியபோது, இத்தகைய பிழைகளையும் அதில் சேர்த்தார். இவை அறியாமையால் வருவன அல்ல. செய்ய வேண்டியது என்ன என்பது நமக்குத் தெரிந்தே இருக்கிறது. கருவி எந்த நிலையில் உள்ளது என்பதைத்தான் தவறாக எண்ணிவிடுகிறோம்.

மெக்கின்டாஷ் கணிப்பொறித் திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ராஸ்கின், 2000ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் இதற்கு ஒரு நல்ல வேறுபாட்டைக் காட்டினார். ‘கேப்ஸ் லாக்’ விசையை ஒருமுறை அழுத்திவிட்டால் அது நிலைத்து நிற்கும், நாம் மறந்துவிடுவோம். கடவுச்சொல் சரியாக இருந்தும் கணிப்பொறி நம்மை உள்ளே விடாமல் அலைக்கழிப்பது பலமுறை இதனால்தான். ‘ஷிஃப்ட்’ விசையோ விரல் அழுத்தியிருக்கும் வரை மட்டுமே வேலை செய்யும். விரலே நிலையை நமக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கும். எனவே ஷிஃப்டினால் அத்தகைய மறதி நேர்வதில்லை. நிலை இருப்பது மட்டுமே தீமை அன்று, அது நம் கவனத்தைவிட்டு மறைந்திருப்பதே தீமை என்று நான் இதிலிருந்து புரிந்துகொண்டேன்.

இவற்றைப் படித்தபோது, திருத்துநிலை வேண்டாம் என்னும் பக்கமே என் மனம் சாய்ந்தது. ஆனால் அடுத்து நான் படித்த ஒரு வரலாறு அக்கருத்தை மாற்றியது.

தெராக்-25 தந்த பாடம்

கனடா நாட்டின் அணுசக்தி நிறுவனமான ஏ.இ.சி.எல். உருவாக்கிய புற்றுநோய்க் கதிர் மருத்துவக் கருவி தெராக்-25. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை, இக்கருவியால் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்களுள் சிலர் அதனாலேயே உயிரிழந்தனர். நான்சி லெவிசன், கிளார்க் டர்னர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1993இல் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளனர்.

இக்கருவி இரு வகையில் இயங்கும்: எலெக்ட்ரான் கதிராகவும், எக்ஸ் கதிராகவும். எக்ஸ் கதிருக்கு மிக வலிமையான கற்றை தேவை. அப்போது அதன் வழியில் ஓர் உலோக இலக்கும் வடிகட்டியும் வந்து நின்று வலிமையைக் குறைக்கும். இயக்குபவர் அறைக்கு வெளியே ஒரு திரையின் முன் அமர்ந்து கதிரின் வகை, ஆற்றல், அளவு முதலியவற்றைத் தட்டச்சு செய்வார்.

இக்கருவியின் உள்ளீட்டு முறையில் ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. சிகிச்சை அறையில் கையால் அமைத்த அளவுகளை வெளியே திரையில் மீண்டும் தட்டச்சு செய்வதற்கு நேரமாகிறது என்று இயக்குபவர்கள் குறைபட்டுக்கொண்டனர். எனவே ‘ரிட்டர்ன்’ விசையை அழுத்தினாலே அந்த அளவுகள் நகலாகிவிடும்படி நிரல் மாற்றப்பட்டது. விசையைத் தொடர்ந்து தட்டிக்கொண்டே போனால் படிவம் முடிந்துவிடும்.

1986 மார்ச் 21 அன்று டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் நடந்தது இது. எலெக்ட்ரான் கதிருக்குரிய எழுத்தைத் தட்ட வேண்டிய இயக்குநர், பழக்கத்தால் எக்ஸ் கதிருக்குரிய எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே தவற்றை உணர்ந்து, மேல் அம்புக்குறி விசையால் அந்தக் கட்டத்துக்குச் சென்று திருத்தினார். மற்ற கட்டங்களெல்லாம் சரியாக இருந்தமையால் ரிட்டர்ன் விசையை விரைவாகத் தட்டிக் கடைசி வரிக்கு வந்தார். எல்லாம் சரிபார்க்கப்பட்டதாகத் திரை காட்டியது. கதிரைச் செலுத்தினார். ‘பிழை 54’ என்று காட்டிக் கருவி நின்றது. கொடுக்கப்பட்ட கதிர் குறைவு என்றும் திரை கூறியது. எனவே தொடரும் விசையை அழுத்தினார். உள்ளே இருந்த நோயாளிக்குக் கிடைக்க வேண்டியது 180 ராட். உண்மையில் ஒரு சிறு இடத்தில் 16,500 முதல் 25,000 ராட் வரை பாய்ந்திருக்கலாம் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. ஐந்து மாதங்களில் அவர் இறந்தார்.

நடந்தது என்ன? கர்சர் கடைசி வரிக்கு வந்துவிட்டால் உள்ளீடு முடிந்துவிட்டது என்று நிரல் தானாகவே முடிவு செய்துகொண்டது. உடனே உள்ளேயிருந்த காந்தங்களை அமைக்கத் தொடங்கியது. அதற்கு ஏறத்தாழ 8 விநாடி பிடிக்கும். அந்த 8 விநாடிக்குள் இயக்குநர் மேலே சென்று திருத்திவிட்டுத் திரும்பினால், திரையில் திருத்தம் தெரியும். ஆனால் கருவியின் ஒரு பகுதி பழைய கட்டளைப்படியே நிற்கும். வலிமையான கற்றை வரும். அதைத் தடுத்துக் குறைக்க வேண்டிய இலக்கு வழியில் இராது. மெதுவாகத் தட்டுவோரிடம் இப்பிழை தோன்றவே இல்லை. மருத்துவமனையின் இயற்பியலாளர் வேகமாகத் தட்டிப் பழகிய பிறகே அதை மீண்டும் உண்டாக்கிக் காட்ட முடிந்தது. தேர்ந்த கைகளுக்கே பிழை தோன்றியது என்பது வேதனைக்குரியது.

இவ்விபத்துகளுக்கு இது ஒன்றே காரணம் அன்று. முந்தைய தெராக்-20 கருவியில் இருந்த வன்பொருள் தடுப்புகள் இதில் இல்லாமற் போனதும் ஒரு பெருங்காரணம். ஆயினும் நம் பொருளுக்கு வேண்டிய பாடம் இதில் உள்ளது. தெராக்-25இல் திருத்துநிலை என்று வெளிப்படையாக ஒன்று இல்லை. ஆனால் மறைமுகமாக ஒன்று இருந்தது. ‘இவர் இன்னும் எழுதுகிறார்’, ‘இவர் எழுதி முடித்துவிட்டார்’ என்னும் இரு நிலைகள் கருவிக்குள் இருந்தன. இயக்குநருக்கு அவை தெரியவில்லை. அவர் திருத்திக்கொண்டிருந்தபோது கருவி செயலைத் தொடங்கிவிட்டது.

விபத்துக்குப் பின் நிறுவனம் முதலில் கூறிய தீர்வு இன்னும் வியப்பானது. மேல் அம்புக்குறி விசையின் தலையைப் பிடுங்கிவிட்டு, உள்ளே மின்காப்பு நாடா ஒட்டி, அவ்விசை வேலை செய்யாதபடி ஆக்கிவிடுங்கள் என்று மருத்துவமனைகளுக்கு 1986 ஏப்ரலில் கடிதம் எழுதியது. அதாவது திருத்துவதையே தடை செய்துவிடு என்பது அதன் பொருள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இது போதாது என்று மறுத்துவிட்டது. மனிதர் தவறு செய்வர். தவறு செய்தவர் திருத்தவும் வேண்டும். திருத்தும் வழியை அடைப்பது தீர்வாகாது.

எச்சரிக்கை போதுமா?

திருத்துநிலை எதற்கு, சேமிக்கும்போது ‘உறுதியாகவா?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். அதற்கு ஜப்பானில் விடை உள்ளது. 2005 டிசம்பர் 8 அன்று மிசுஹோ செக்யூரிட்டீஸ் நிறுவனத்தின் பணியாளர் ஒருவர், ஜே-காம் என்னும் நிறுவனத்தின் 1 பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டியவர், 6,10,000 பங்குகளை 1 யென்னுக்கு விற்பதாகத் தட்டிவிட்டார். அந்நிறுவனத்துக்கு இருந்த மொத்தப் பங்குகளைப் போல் 40 மடங்குக்கும் மேலான எண்ணிக்கை இது! கணிப்பொறி எச்சரித்தது, எச்சரிக்கை கவனிக்கப்படாமற் போயிற்று. பிறகு ஆணையைத் திரும்பப் பெற முயன்றபோது, டோக்கியோ பங்குச் சந்தையின் கணிப்பொறி அதை ஏற்கவில்லை. இழப்பு ஏறத்தாழ 4,000 கோடி யென்.

எப்போதும் கேட்கும் கேள்விக்கு எப்போதும் ‘ஆம்’ என்றே விரல் பழகிவிடும். நாள்தோறும் கேட்கும் மணியோசை காதில் விழாததைப் போன்றது அது.

ஏட்டுக் காலத்து அறிவு

நம் முன்னோர் காகிதத்தில் இச்சிக்கலை எவ்வாறு கையாண்டனர் என்று பார்ப்பது பயன் தரும். கணக்கு எழுதுவோர் தவறான எண்ணைச் சுரண்டி அழிப்பதில்லை. அதன்மேல் ஒரு கோடிட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுதிச் சுருக்கொப்பம் இடுவர். பழைய எண்ணும் படிக்கக் கிடைக்கும். மாற்றியவர் யார் என்பதும் தெரியும்.

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவும் இதே கருத்தை உடையது. அடித்தல், திருத்தல், இடைச்செருகல், வெற்றிடம் உள்ள ஆவணத்தில், எழுதிக் கொடுப்பவர் அவ்விடங்களில் கையொப்பமோ சுருக்கொப்பமோ இட்டிராவிட்டால், பதிவு அலுவலர் அதை ஏற்க மறுக்கலாம். திருத்தம் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. யாருடைய திருத்தம் என்று தெரியாத திருத்தம் கூடாது என்றே சொல்கிறது.

கணிப்பொறிக்கும் இவ்வறிவு வந்துவிட்டது. இந்தியாவில் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு மாற்றத்தையும் நாள் குறித்துப் பதிந்து வைக்க வேண்டும். அப்பதிவை நிறுத்தி வைக்க முடியாததாகவும் இருக்க வேண்டும் என்னும் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

செலவும் காப்பும்

இனி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ‘திருத்து’ என ஓர் அழுத்தம், ‘சேமி’ என ஓர் அழுத்தம். ஒவ்வொன்றுக்கும் 2 விநாடி என்று கொள்வோம். நாளொன்றுக்கு 200 பதிவுகளைத் திருத்துவதே வேலையாக உள்ளவருக்கு இதனால் 800 விநாடி, அதாவது 13 நிமிடம் 20 விநாடி கூடுதலாகச் செலவாகும். அவர் சலித்துக்கொள்வது நியாயமே.

ஆனால் ஒரு முகப்பில் அமர்ந்து, வருவோருக்குப் பதிவைத் திறந்து காட்டி விடை சொல்பவரை எண்ணிப் பாருங்கள். அவரும் 200 பதிவுகளைத் திறக்கிறார். 5 பதிவுகளில் மட்டுமே மாற்றம் செய்கிறார். அவருக்குக் கூடுதல் செலவு 20 விநாடிதான். அதற்கு ஈடாக 195 பதிவுகள் கைத்தவறிலிருந்து காக்கப்படுகின்றன. திருத்துநிலையின் செலவு திருத்தங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அதன் பயனோ பார்வைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இவ்விரண்டையும் ஒப்பிட்டால் எங்கே கதவு வேண்டும், எங்கே வேண்டாம் என்பது தெளிவாகிவிடும்.

இன்னொரு பயனும் உண்டு. ஒரு பதிவை இருவர் ஒரே நேரத்தில் திறந்திருக்கிறார்கள். ஒருவர் முகவரியை மாற்றிச் சேமிக்கிறார். முன்பே திறந்து வைத்திருந்த மற்றவர் கைபேசி எண்ணை மாற்றிப் பதிவு முழுவதையும் சேமிக்கிறார். அவர் திரையில் இருந்தது பழைய முகவரி. எனவே புதிய முகவரி சுவடின்றி மறையும். திருத்துநிலை இருந்தால், திருத்தும் எண்ணம் எழும் கணமே கணிப்பொறிக்குத் தெரிகிறது. ‘இப்பதிவை இன்னொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்’ என்று அது சொல்லலாம். திருத்துநிலையில் வைத்துவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றுவிடுவோரும் உண்டாதலால், இதற்கு ஒரு கால வரம்பும் வேண்டும்.

என் முடிவு

மேற்கூறியவற்றிலிருந்து நான் கொண்ட முடிவு இது. திருத்துவது எளிதாக இருக்கலாம். தெரியாமல் திருத்துவது எளிதாக இருக்கக் கூடாது. இதனை அளவுகோலாகக் கொண்டால் சில நெறிகள் கிடைக்கின்றன.

முதலாவது, புதிய வெற்றுப் படிவத்துக்குத் திருத்துநிலை தேவையில்லை. அதில் காப்பதற்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது, அடிக்கடி பார்க்கப்பட்டு அரிதாகத் திருத்தப்படும் பதிவு, சிறப்பாகப் பிறருடைய பெயர், பிறந்தநாள், கணக்கு எண், மதிப்பெண் போன்றவை அடங்கிய பதிவு, பார்வைநிலையிலேயே திறக்க வேண்டும்.

மூன்றாவது, எந்த நிலையில் இருக்கிறோம் என்பது மூலையில் ஒரு சொல்லாக ஒதுங்கி நில்லாமல், படிவம் முழுவதன் தோற்றத்திலும் தெரிய வேண்டும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. திரைவாசிப்பானைக் கொண்டு படிக்கும் பார்வையற்ற நண்பர்களுக்கும் அது சொல்லப்பட வேண்டும். கட்டத்தை முற்றிலும் முடக்கிவிட்டால், ‘டேப்’ விசையால் நகர்வோர் அதை அடையாமலே கடந்துவிடுவர். படிக்க மட்டும் என்று அமைத்தால் அவர்களும் அதைப் படிக்கலாம்.

நான்காவது, திருத்துநிலையில் செய்த மாற்றத்தைச் சேமிக்காமல் வெளியேறுவோருக்கு அதை நினைவூட்ட வேண்டும். ஏனெனில் கதவு இருக்கும் இடத்தில் அதை மூட மறப்போரும் இருப்பர்.

ஐந்தாவதும் முக்கியமானதுமாவது, பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றியவர், நேரம் ஆகிய நான்கையும் பதிந்து வைக்க வேண்டும். திருத்துநிலை கைத்தவறைக் குறைக்கும், முற்றிலும் ஒழிக்காது. நேர்ந்த தவற்றைக் கண்டுபிடித்து மீட்க இப்பதிவேடு ஒன்றே துணை.

இவ்விடுமுறையில் மீண்டும் அதே மையத்துக்குச் சென்றேன். எங்கள் துறை விரிவுரையாளர் ஒருவரின் அறிவுரையோடு, உரிமையாளரின் அனுமதி பெற்று, அந்நிரலில் மூன்று மாற்றங்கள் செய்தேன். கணக்கு எண் கட்டத்தை எண் வகையிலிருந்து எழுத்து வகைக்கு மாற்றினேன். கூட்டவோ கழிக்கவோ போவதில்லை எனில் அதை எண்ணாகக் கருதவே வேண்டியதில்லை. சேமித்த பதிவுகள் பார்வைநிலையில் திறக்குமாறு செய்தேன். மாற்றங்களுக்கு ஒரு பதிவேடு சேர்த்தேன். மூன்றும் சேர்ந்து இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாளை முன்பே யாராவது செலவிட்டிருந்தால், ஒருவருக்கு மூன்று அரைநாள் கூலி மிஞ்சியிருக்கும், கடனும் வந்திராது.

அவர் இவ்வாண்டும் வந்தார். மகள் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள். புத்தகத்தைப் பிரித்துவைத்து, “படிங்க தம்பி” என்றார். படித்தேன். 47 என்று முடிந்தது. பிறகு அவர் கண் முன்பாகவே அந்த எண்ணின்மேல் சக்கரத்தை உருட்டிக் காட்டினேன். எண் அசையவில்லை. “இன்னொருவாட்டி படிச்சிடுங்க” என்றார். மறுபடியும் படித்தேன்.

அடுத்த ஆண்டு நம்மில் பலர் செயல்திட்டத்துக்காகப் படிவங்கள் எழுதப்போகிறோம். நூலகத்துக்கோ, விடுதிக்கோ, மருந்துக் கடைக்கோ அவை பயன்படலாம். ஒவ்வொரு கட்டத்தையும் அமைக்கும்போது, இதைத் திருத்தப் போகிறவர் யார், திருத்துவது அவருக்குத் தெரியுமா என்னும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வோமாக.